எத்தனையாவது கிலோமீட்டரில்?

“அண்ணா, இந்த மூணுல எதை வாங்கலாம்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக் குழப்புறாங்க” என்றபடி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார் தம்பி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். அவர் அப்பா காலத்தில் வீட்டில் மூன்று தறி ஓடியது, இப்போது ஒன்றுதான். அக்கம்பக்கத்து நெசவாளர்களிடமும் புடவை எடுத்து, பெங்களூர் வாடிக்கையாளர்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். மாதம் இரண்டு தடவை புடவைக் கட்டுகளோடு பஸ் ஏறி இறங்கி இடுப்பு விட்டுப்போகிறது. வீட்டில் வயதான அம்மா, இரண்டு குழந்தைகள். ஐந்து பேரும் உட்கார்ந்து, பின்னால் கட்டும் வைக்கிற மாதிரி ஒரு பழைய எஸ்யுவி வேண்டும். கையில் நாலரை லட்சம் வைத்திருக்கிறார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். டஸ்டர், எகோஸ்போர்ட், கிரெட்டா என்று மூன்று பெயர். ஒவ்வொன்றின் கீழும் அவர் கேள்விப்பட்ட புகார்கள். கிளட்ச் நிற்காது. ஏசி போகும். முன்னாடி கடகட சத்தம். இன்ஜின் உட்கார்ந்துவிடும். பார்ட்ஸ் கிடைக்காது.

மூன்றும் நம் மண்ணில் செய்த வண்டிகள். 2012 ஜூலையில் வந்த டஸ்டர் ஒரகடத்தில் தயாரானது. 2015 ஜூலையில் வந்த கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில். 2013 ஜூனில் வந்த எகோஸ்போர்ட் மறைமலைநகரில். செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்த 2019 நவம்பர் வரை மறைமலைநகரும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறந்த இடம் பக்கத்தில் இருப்பதால் பழைய வண்டிக்கு ஆயுள் கூடிவிடாது என்றாலும், அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்களும், இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டிப் பழகிய மெக்கானிக்குகளும் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அது ஒரு பலம்.

தாளை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னேன்: “இதுல ஒரு நம்பர்கூட இல்லையே தம்பி.”

புகார் சொல்பவரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்க வேண்டும். எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது? எந்தப் பாகம்? சரிசெய்ய எவ்வளவு ஆச்சு, வண்டி எத்தனை நாள் நின்றது? இந்த மூன்றும் இல்லாத புகாரை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

அவர் தாளில் இருந்த கிளட்சையே எடுத்துக்கொள்வோம். கிளட்ச் தட்டு தேய்வதற்காகவே செய்த பாகம். 90,000 கிலோமீட்டரில் ஒருவர் கிளட்ச் மாற்றினால் அதைச் செலவுக் கணக்கில் எழுதலாம், புகாரில் எழுதக் கூடாது. அதுவும் காந்தி ரோட்டில் முகூர்த்த நாளில் பாதி கிளட்சை மிதித்தபடியே ஊர்ந்து போகும் வண்டிக்கு இன்னும் சீக்கிரமே வரும். அதே கிளட்ச் 15,000 கிலோமீட்டரில் போனால் அது புகார்தான். ஒன்று ஓட்டுபவரின் கால் சரியில்லை, இல்லை பாகம் சரியில்லை. ‘கிளட்ச் நிற்காது’ என்ற இரண்டு சொல்லில் இந்த இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

முன்னாடி வரும் கடகட சத்தமும் அப்படித்தான். லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் இருக்கிறது, ஷாக் அப்சார்பர் மேலே மவுண்ட் இருக்கிறது. வாலாஜாபாத் வழியாக ஒரகடம் போகும் சாலையில் கல் லாரிகளோடு பத்து வருஷம் ஓடிய எந்த வண்டியிலும் அந்த ரப்பர் வெடித்திருக்கும். மாற்றினால் சத்தம் போய்விடும். அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாமே தவிர, அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

“அப்போ இன்ஜின் உட்கார்றது?” என்றார்.

அதற்குத்தான் நிதானமாக இன்னொரு டீ சொன்னேன். பிறவிக் கோளாறு என்று ஒன்று நிஜமாகவே உண்டு. அது எப்படி வெளியே வருகிறது என்பதற்கு மறைமலைநகர் வண்டியே சாட்சி.

எகோஸ்போர்ட்டை அங்கிருந்து அமெரிக்காவுக்கும் கப்பலில் அனுப்பினார்கள். 2018 முதல் 2022 வரையிலான மாடல்களாக அது அங்கே விற்றது. அதில் ஒரு பகுதி வண்டிகளில் 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல் இன்ஜின். இன்ஜினுக்குள் எண்ணெயைச் சுற்றவிடுவது ஆயில் பம்ப். அந்த இன்ஜினில் பம்பைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பெல்ட், அதுவும் எண்ணெயில் நனைந்தபடியே ஓடும் பெல்ட். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கை உடைந்தாலோ, பெல்ட்டின் பற்கள் உதிர்ந்தாலோ பம்ப் நின்றுவிடும். எண்ணெய் அழுத்தம் இறங்கும். உள்ளே இரும்பும் இரும்பும் உரசிச் சில நிமிஷங்களில் இன்ஜின் இறுகிவிடும். ஓடுகிற வண்டி அணைந்துபோனால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணை சக்தியும் போய், மிதி கல் மாதிரி ஆகிவிடும்.

அங்கே உரிமையாளர்கள் சும்மா பேசிக்கொண்டிருக்கவில்லை. வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பிடம் புகார் எழுதினார்கள். எத்தனை மைலில் நின்றது, எந்த வேகத்தில் போனபோது நின்றது, ஒர்க்ஷாப்பில் என்ன சொன்னார்கள் என்று எழுதினார்கள். 2023 டிசம்பரில் எகோஸ்போர்ட், ஃபோகஸ் இரண்டும் சேர்த்துச் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. முகம் தெரியாத மனிதர்கள் எழுதி வைத்த எண்கள் இன்னொரு குடும்பத்தை நடுரோட்டில் நிற்காமல் காப்பாற்றியிருக்கின்றன. இதைச் சொல்லும்போதே எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது.

நம் ஊரில் ஓடும் எகோஸ்போர்ட்டில் பெரும்பாலானவை 1.5 லிட்டர் டீசலும் 1.5 பெட்ரோலும். ஆனால் அந்த 1.0 லிட்டர் இன்ஜின் வகையும் இங்கே விற்றது. “இன்ஜின் உட்காரும்னு சொன்னவர் எந்த இன்ஜினைச் சொன்னார்?” என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. ஒரே பெயர், ஒரே முகம், உள்ளே வேறு வேறு இன்ஜின். பெயரைப் பார்த்துப் புகாரை ஒட்டவைத்தால் நல்ல வண்டியை விட்டுவிட்டு வேறொன்றில் மாட்டிக்கொள்வோம்.

இந்தியாவிலும் திரும்ப அழைப்புகள் நடந்திருக்கின்றன. 2017இல் செய்த 4,379 எகோஸ்போர்ட்டுகளின் முன்பக்க லோயர் கன்ட்ரோல் ஆர்மில் வெல்டிங்கைச் சரிபார்க்க வேண்டும் என்று 2018இல் ஃபோர்டு நிறுவனமே அழைத்தது. பழைய வண்டி வாங்குபவர் செய்ய வேண்டியது, சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் காட்டி, அந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதாவது இருந்ததா, வேலை முடிந்ததா என்று கேட்பது. முதல் உரிமையாளருக்குக் கடிதம் போயிருக்கும், அவர் வீடு மாறியிருப்பார், கடிதம் திரும்பி வந்திருக்கும். மூன்றாவது கைக்கு வந்த வண்டியில் அந்த வேலை அப்படியே நிற்கலாம்.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அதன்படி போதிய எண்ணிக்கையில் உரிமையாளர்கள் புகார் செய்தால், திரும்ப அழைக்கும்படி அரசே கட்டாயப்படுத்தலாம். 2021 ஏப்ரலில் விதிகள் அமலுக்கு வந்தன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அது பொருந்தும். ஆகவே தம்பியின் பட்ஜெட்டில் வரும் வண்டிகளுக்கு இந்தக் குடை பெரும்பாலும் கிடைக்காது. நம் கண்ணும் காதும்தான் துணை.

டஸ்டருக்கு வந்தோம். அதன் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. 1.5 லிட்டர் டீசல், 85 குதிரைச் சக்தியிலும் 110இலும் வந்தது. அதே இன்ஜின் குடும்பம்தான் நிசான் டெர்ரானோ, சன்னி, மைக்ராவிலும், மஹிந்திரா வெரிட்டோவிலும் இருந்தது. அதனால் அந்த இன்ஜினைத் தெரிந்த கைகள் நிறைய. மேட்டுப் பள்ளத்தில் அது போகிற அழகே தனி. ஆனால் அதில் டைமிங் பெல்ட் ஒன்று இருக்கிறது. இன்ஜினின் மேல் பாதியும் கீழ் பாதியும் தாளம் தப்பாமல் சுழல்வது அந்த ஒரு பெல்ட்டால். கையேட்டில் சொன்ன கிலோமீட்டர், சொன்ன வருஷம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். பலர் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார்கள். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் கீழே இறங்கிய நிலையிலேயே நிற்க, பிஸ்டன் மேலே வந்து அவற்றை இடிக்கும். அதன் பிறகு இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை லட்சத்தை எட்டும். அப்படி நடந்த ஒருவர் “டஸ்டர் இன்ஜின் மோசம்” என்றுதான் ஊரில் சொல்வார். பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும். பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்து, வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும்.

ஒரகடத்து டஸ்டருக்கு இன்னொரு கதையும் உண்டு. வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும் என்பதால், பிரிட்டனில் 2013இல் டேசியா என்ற பெயரில் விற்க ஆரம்பித்த டஸ்டர்கள் இங்கிருந்தே போயின. அங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். கொஞ்ச வருஷத்திலேயே துருவைப் பற்றி அங்கே நிறையப் புகார் எழுந்தது. நம் உள்நாட்டு வெயிலில் ஓடிய வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஈ.சி.ஆர். பக்கம் கடற்காற்றில் நிழல்கூட இல்லாமல் நின்ற வண்டி என்றால் நிலைமை வேறு.

“புடவையை எடுத்ததும் நீங்க முதல்ல எங்க பார்ப்பீங்க?” என்று கேட்டேன்.

“திருப்பித்தான். கோர்வை உள்பக்கம் எப்படி இருக்குன்னு பார்த்தா போதும்” என்றார். கரையும் உடலும் சேரும் அந்தக் கோட்டில் நெசவாளி எங்கே அவசரப்பட்டான் என்பது உள்பக்கத்தில் தெரிந்துவிடும். வண்டியையும் ஒர்க்ஷாப்பில் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். மேலே பாலிஷ் போட எல்லாருக்கும் தெரியும், அடியில் போடுபவர் குறைவு. அடியில் மட்டும் புதுசாகக் கறுப்பு அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். எதையோ மூடத்தான் அது.

கிரெட்டா பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. விலை இறங்காத வண்டி. அதன் 1.6 டீசலில் டைமிங்குக்குப் பெல்ட் இல்லை, செயின். சந்தை விலைக்கு ரொம்பக் கீழே ஒருவர் கொடுக்கிறார் என்றால் காரணத்தைக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

காரணம் தெரியாமல் கையை நீட்டியவன் நான். அதையும் தம்பியிடம் சொன்னேன். 2016இல் ஒரு பழைய எஸ்யுவி வாங்கினேன். செய்த நிறுவனத்தின் பெயரோ விற்றவர் பெயரோ இங்கே வேண்டாம். நல்ல பெயின்ட், புது சீட் உறை, உள்ளே மல்லிகை வாசனை. அந்த வாசனையே என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். ஐந்தாவது மாதம் ஏர்பேக் விளக்கு எரிந்தது. பிறகு ஒரு பக்கக் கண்ணாடி இறங்கவில்லை. பிறகு மழை நாளில் வைப்பர் தானாக ஓடியது. மூன்று மெக்கானிக் மூன்று காரணம் சொன்னார்கள். நாலாவதாக ஓரிக்கையில் ஒரு பெரியவர், பானெட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி வரைக்கும், இனி வராது என்கிற வரைக்கும் இழுத்தார். வழக்கமாக நாம் மார்புக்குக் குறுக்கே இழுக்கும் நீளம் வரை பெல்ட் சுத்தமாக இருந்தது. அதற்கு அப்பால், எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும் பகுதியில், காய்ந்த காவி நிறக் கோடு ஒன்று. நகத்தால் சுரண்டினார். மாவு மாதிரி மண் உதிர்ந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டு வாசலில் நின்றபடியே முங்கிய வண்டிகளை நாம் எல்லாரும் படத்தில் பார்த்தோம். அந்த வண்டிகள் எங்கே போயின என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. முழுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்ட வண்டி ஏலத்தில் போகும். வாங்குபவர் கழுவிக் காயவைத்து வேறு ஊரில் விற்பார். ஏர்பேக்கை இயக்கும் பெட்டி இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தரையோடு இருக்கிறது. தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான். ஒயர் முனைகளில் செம்பு பச்சை பூத்துக்கொண்டே போகும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ஏராளமான வண்டிகள் முங்கின. ஆகவே சீட் பெல்ட்டை இழுங்கள். ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைத் தடவுங்கள். சீட் நகரும் தண்டவாளத்தின் திருகுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். வயதுக்கு மீறிய துரு மழையில் வராது. வாசனை பலமாக இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் அரை மணி நிறுத்தி, பிறகு கதவைத் திறந்து முகருங்கள்.

மீட்டர் திருப்பியிருப்பார்களோ என்று தம்பிக்குப் பயம். 58,000 என்று காட்டும் வண்டியில் கிளட்ச் மிதியின் ரப்பர் மொழுக்கென்று இருந்தால் சந்தேகப்படலாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த டயர். அதை வண்டியின் வயதோடும் மீட்டரோடும் ஒத்துப் பாருங்கள். வண்டி எண்ணைச் சொல்லிச் சர்வீஸ் சென்டரில் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று கேட்டால் அதைவிடத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

பார்ட்ஸ் விஷயம் உண்மையான கவலை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையோடு மறைமலைநகரில் கடைசி வண்டியும் முடிந்தது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று சொன்னார்கள். அன்றைய டஸ்டரும் 2022இல் நின்றது. இதற்கு ஒரே பரிசோதனை, வண்டி வாங்கும் முன்னே பாகத்துக்கு விலை கேட்பது. ஹெட்லைட், கிளட்ச் செட், முன் பம்பர் மூன்றையும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு கடையில் கேளுங்கள். ஒரிஜினல் இருக்கிறதா, வேறு தயாரிப்பு இருக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இல்லாததற்குப் புதுப்பேட்டையில் கேளுங்கள். இரண்டு இடத்திலும் கைவிரித்தால் அந்த வண்டி எவ்வளவு நல்லதானாலும் நமக்கு வேண்டாம்.

பேப்பர் வேலை பெரிதில்லை, தவறவிடத்தான் கூடாது. கடன் முடிந்த வண்டி என்றாலும் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு அடித்திருந்தால் 35ஆம் படிவமும் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள். டெல்லி எண்ணோடு மலிவாக வரும் டீசல் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை: பத்து வருஷ டீசலுக்கு எதிராக அங்கே 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவு போட்ட பிறகு அவை தெற்கே வர ஆரம்பித்தன. விலை குறைவுதான், ஆனால் இங்கே மறுபதிவும் சாலை வரியும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இன்னொன்று, அந்தக் கால அடிப்படை வகைகளில் ஏர்பேக்கே இருக்காது. ஏர்பேக் இல்லாத டஸ்டருக்கு 2017 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூஜ்ஜிய நட்சத்திரம். அம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிப் பெங்களூர் ரோட்டில் போகிறவர் ஏர்பேக் உள்ள வகையைத்தான் வாங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

“அப்போ எதை வாங்க?” என்று மறுபடி கேட்டார். மாதம் இரண்டு தடவை பெங்களூர், போக 270 கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம். டீசல் அவருக்குச் சரிப்படும். பெல்ட் மாற்றிய பில்லோடு, ஏர்பேக்கோடு 85 குதிரைச் சக்தி டஸ்டர் கிடைத்தால் அதையே முதலில் பார்க்கச் சொன்னேன். அதே வண்டியைக் காந்தி ரோட்டுக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் மட்டும் ஓட்டுவதானால் டீசலே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இன்ஜின் சூடேறும் முன்னே அணைத்து அணைத்துப் புகைக்கரி அடைத்துக்கொள்ளும்.

வெள்ளைகேட் பக்கம் ஒருவரிடம் அப்படி ஒரு வண்டி இருப்பதாக அவர் தாளின் பின்பக்கத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. எப்போது போகலாம் என்றார். காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது. ராத்திரி முழுக்க நின்ற டீசல் முதல் சாவியில் பிடிக்கிறதா, முதல் அரை நிமிஷம் என்ன நிறத்தில் புகை வருகிறது, உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டு அடங்குகிறதா, ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நாம் போகும்போது பானெட் சூடாக இருந்தால் யாரோ முன்பே ஸ்டார்ட் செய்து நமக்காகத் தயார்படுத்தி வைத்திருக்கிறார்கள். அப்போது பேசாமல் திரும்பி வந்து வேறொரு காலை போக வேண்டும்.

தம்பி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

“அண்ணா வணக்கம், வண்டி விஷயமா பேசுறேன். நாளைக்குக் காலைல ஆறரைக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். ஒரே ஒரு உதவி, நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க.”